பத்து பைக், ஒரு மலைச்சாலை: சேர்ந்து போக நான்கு வழிகள்

தேதி முடிவாகிவிட்டது, போகும் சாலையும் முடிவாகிவிட்டது, பத்துப் பேர் வருகிறார்கள். இதற்குப் பிறகு பெரும்பாலான குழுக்களில் பேச்சு எங்கே தங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று போய்விடும். மலையில் எப்படிச் சேர்ந்து ஓட்டப்போகிறோம் என்ற கேள்வியை யாரும் எடுப்பதில்லை. ஒருவர் பின் ஒருவராகப் போவோம் என்று அது தானாகவே முடிவாகிவிடுகிறது. சமவெளியில் அது போதும். கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக வரும் சாலையில் அது போதாது. பல பயணங்களில் நடுவில் ஓட்டியும், சில பயணங்களில் முன்னால் நின்று நடத்தியும் எனக்குப் பட்டதை வைத்து, குழுக்கள் கையாளும் நான்கு முறைகளை இங்கே எடை போடுகிறேன்.

முதலாவது, எல்லோருக்கும் பழக்கமான ஒரே வரிசை. முன்னால் வழி தெரிந்த ஒருவர், கடைசியில் அனுபவசாலி ஒருவர், நடுவில் எட்டுப் பேர், ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி ஓட்டம். அகலமான நேர்சாலையில் இது அருமையாக வேலை செய்யும். இடமும் வலமுமாக மாறி மாறி அமைந்து, நேர் முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு விநாடி, சாய்வாக முன்னால் போகும் வண்டிக்கு ஒரு விநாடி இடைவெளி விட்டு ஓட்டினால் பத்து வண்டியும் மற்றவர்கள் கண்ணுக்கு ஒரே கூட்டமாகத் தெரியும். இடையில் யாரும் புகமாட்டார்கள், யாரும் வழி தவறமாட்டார்கள்.

மலை தொடங்கியதும் முதலில் கலைவது அந்த இட-வல அடுக்கு. வளைவில் ஒவ்வொருவருக்கும் தன் பக்கத்துச் சாலையின் முழு அகலமும் வேண்டும். ஆகவே வரிசை ஒற்றையாக நீளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வண்டிகளுக்கு இடையே ஒன்பது இடைவெளி. இரண்டு விநாடி வீதம் பதினெட்டு விநாடி. மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 11 மீட்டர். முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே 200 மீட்டர் வந்துவிடுகிறது. நெருக்கமான மலைப்பாதையில் 200 மீட்டருக்குள் இரண்டு வளைவுகள்கூட இருக்கும். ஒருவர் கண்ணில் ஒருவர் படுவது என்ற வாக்கு அங்கேயே பொய்த்துப் போகிறது. மழை பெய்து இடைவெளியை இரட்டிப்பாக்கினால் கேட்கவே வேண்டாம்.

இதைவிட மோசமானது, வரிசை ரப்பர் போல இழுபடுவது. முதல் ஆள் வளைவைக் கடந்து வேகமெடுக்கும்போது ஏழாவது ஆள் இன்னும் வளைவுக்கு வந்தே சேர்ந்திருக்கமாட்டார். அவர் மெதுவாக வளைந்து நிமிர்ந்து பார்த்தால் முன்னால் வெறும் சாலை. விட்டுவிட்டோமே என்று ஆக்சிலரேட்டரைத் திருகுகிறார். எட்டாவது ஆள் அவரைவிட அதிகமாகத் திருகுகிறார். முன்னால் போகிறவர் நிதானமாகத்தான் ஓட்டினேன் என்று சத்தியம் செய்வார், அது உண்மையும்கூட. ஆனால் குழுவிலேயே வேகமாக ஓட்டியவர்கள் கடைசி மூன்று பேர். வழக்கமாக அந்த இடத்தில்தான் புதியவர்களை வைத்திருப்போம்.

வேகம் கொஞ்சம்தானே கூடியது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 30 கி.மீ. வேகத்தில் எடுக்க வண்டி ஏறக்குறைய 20 டிகிரி சாய்ந்தால் போதும். அதே வளைவை 40 கி.மீ. வேகத்தில் எடுத்தால் 32 டிகிரி சாய வேண்டும். வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு. டயரிடம் நாம் கேட்கும் பிடிமானமோ ஏறக்குறைய எண்பது சதவீதம் கூடிவிட்டது. நிழல் விழும் வளைவில் ஈரமோ, உதிர்ந்த இலையோ, லாரி டேங்கிலிருந்து சிந்திய டீசலோ இருந்தால் அந்த எண்பது சதவீதத்தைக் கொடுக்க டயரிடம் ஒன்றும் இருக்காது.

ஒருமுறை அப்படியொரு வரிசையில் நான் ஐந்தாவது ஆள். எனக்கு முன்னால் ஒரு சிவப்புப் பின்விளக்கு. ஒரு மணி நேரமாக அதை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. இறக்கத்தில் ஒரு வளைவின் நடுவே அந்த விளக்கு மெல்ல வெளிப்பக்கமாக நகர ஆரம்பித்தது. நண்பர் வேகம் கூடிப்போய் சாலை ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார். என் வண்டியும் அவர் பின்னாலேயே போனது. கண் எங்கே போகிறதோ கையும் அங்கேதான் போகும். அவருடைய முன் சக்கரம் தார் முடிகிற விளிம்பில் சரளையைத் தொட்டது. பொடிக் கற்கள் என் ஹெல்மெட் கண்ணாடியில் பட்டுத் தெறித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இருவரும் விழாமல் நின்றுவிட்டோம். திரும்பி அந்த வளைவைப் பார்த்தேன். மிகச் சாதாரணமான வளைவு. தனியாக வந்திருந்தால் யோசிக்காமல் கடந்திருப்பேன்.

வளைவில் பார்க்க வேண்டியது முன்னால் போகும் வண்டியை இல்லை. சாலையின் இரண்டு ஓரங்களும் தொலைவில் ஒன்றுசேர்ந்து மறையும் புள்ளியை. அந்தப் புள்ளி நம்மை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். அது விலகி ஓடினால் வளைவு விரிகிறது. நெருக்கமான வரிசையில் அந்தப் புள்ளியை முன்னால் போகிறவரின் முதுகு மறைத்துவிடுகிறது.

இறக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. முன்னால் பிரேக் விளக்கு எரியும்போதெல்லாம் நாமும் பிரேக்கைப் பிடிக்கிறோம். தனியாக இறங்குபவர் கியரைக் குறைத்து என்ஜினையே வேகத்தைப் பிடித்து வைக்கச் செய்வார், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொடுவார். வரிசையில் போகிறவரோ மலை முழுக்கப் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டே இறங்குகிறார். சூடு ஏறிக்கொண்டே போகும். டாட் 4 வகை பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது; ஈரம் ஏறிய திரவத்துக்கு அந்த விதி கேட்பது வெறும் 155 டிகிரிதான். திரவம் கொதித்து அதில் குமிழி உண்டானால் பிரேக் லீவர் பஞ்சு போலாகிக் கைப்பிடிவரை வந்துவிடும். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தத் திரவத்தை மாற்றி இரண்டு ஆண்டு ஆகிவிட்ட வண்டியைத் தயவுசெய்து மலைக்குக் கொண்டுவராதீர்கள்.

இரண்டாவது முறை இதற்கு நேர் எதிர். அவரவர் வேகத்தில் போவது, முன்பே பேசிவைத்த இடத்தில் கூடுவது. ஓட்டும் சுகத்துக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. யாரையும் துரத்த வேண்டாம், யாருக்காகவும் வளைவில் தயங்க வேண்டாம். பக்கக் கண்ணாடியில் விரட்டி வரும் விளக்கும் இல்லை. அமெரிக்காவில் டென்னசி, வட கரோலினா மாநில எல்லையில் ‘டெயில் ஆஃப் தி டிராகன்’ என்று பெயர்பெற்ற ஒரு சாலை இருக்கிறது. 11 மைலில், அதாவது சுமார் 18 கிலோமீட்டரில், 318 வளைவுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். நடுவே பிரிந்து போக வேறு சாலை கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த முறை போதும். இந்த முனையில் நுழைந்தவர் அந்த முனையில் வந்துதான் ஆக வேண்டும்.

எல்லாச் சாலையும் அப்படி இருக்காதே. பிரிவுச் சாலை வரும் இடத்தில் இந்த முறை கையை விரித்துவிடும். ஒருவர் தவறாகத் திரும்பினால், அடுத்த கூடுமிடத்தில் எண்ணிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. விழுந்தாலும் அப்படித்தான். மலைச்சாலையில் ஓரம் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த வண்டி மேலே போகிறவர் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அதனால் இந்த முறையிலும் எல்லோருக்கும் பின்னால் ஒருவர், எவ்வளவு மெதுவாகப் போனாலும் யாரையும் முந்தாமல், வந்தே தீர வேண்டும்.

இன்னொரு குறை உண்டு. இதைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. வேகமாக ஓட்டுபவர்கள் முதலில் வந்து சேர்ந்து இருபது நிமிடம் கால் நீட்டி உட்காருகிறார்கள். மெதுவாக ஓட்டுபவர் களைத்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது, வந்துவிட்டார், கிளம்பலாம் என்று மற்றவர்கள் எழுந்து விடுகிறார்கள். குழுவிலேயே ஓய்வு அதிகம் தேவைப்படுகிற ஆளுக்கு நாள் முழுக்க ஓய்வே கிடைப்பதில்லை. மாலை நேர இறக்கத்தில் அவர் தவறு செய்தால் அதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. கடைசி ஆள் வண்டியை நிறுத்திய பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்கும் என்று நான் நடத்தும் பயணங்களில் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

மூன்றாவது, திருப்பத்தில் ஆள் நிறுத்தும் முறை. கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியது இதுதான். பிரிவுச் சாலை வந்ததும் முன்னால் போகிறவர் தனக்கு அடுத்து வரும் இரண்டாவது ஆளுக்கு இடத்தைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் அங்கே பாதுகாப்பாக ஓரம் நின்று, பின்னால் வருபவர்களுக்கெல்லாம் எந்தப் பக்கம் என்று காட்டுவார். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் அவருக்கு முன்னால் நுழைந்து ஓட ஆரம்பிப்பார். அடுத்த பிரிவில் இப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். முதல் ஆளையும் கடைசி ஆளையும் தவிர மற்ற எல்லோரும் முறைபோட்டு நிற்கிறார்கள். வரிசை எத்தனை கிலோமீட்டர் நீண்டாலும் கவலையில்லை. அவரவர் வேகத்தில் ஓட்டலாம், யாரும் வழி தவறவும் மாட்டார்கள். இருபது பேர் போனாலும் இந்த முறை தாங்கும்.

இது எங்கே உயிரைக் காக்கும் என்பதற்கு ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாய் நல்ல உதாரணம். 2,757 மீட்டர் உயரம். வடக்கே பிராட் பக்கத்து ஏற்றத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். அந்த ஏற்றத்தில் வழி தவற வழியே இல்லை. ஆனால் உச்சியைத் தாண்டி போர்மியோ பக்கம் இறங்கும்போது, சில கிலோமீட்டரிலேயே உம்ப்ரைல் கணவாய்க்கு ஒரு சாலை பிரிகிறது. கவனமில்லாமல் அதில் திரும்பினால் இத்தாலியை விட்டு சுவிட்சர்லாந்துக்குள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். 48 வளைவுகளில் யாரும் யாருக்காகவும் நிற்கத் தேவையில்லை. அந்த ஒரு பிரிவில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். மலையில் குழு ஒன்றுசேர்ந்திருக்க வேண்டிய இடம் பிரிவுச் சாலைதான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். வளைவை ஒவ்வொருவரும் தனியாகத்தான் ஓட்டியாக வேண்டும்.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: நிற்கிற ஆள். பனிமூட்டம் இறங்கிய ஒரு பிற்பகலில் நான் அப்படி நின்றிருக்கிறேன். முதலில் என்ஜின் ஆறும்போது உலோகம் சுருங்குகிற டிக் டிக் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஆறு வண்டிகள் கடந்து போயின, கையை நீட்டிக் காட்டினேன். அதன் பிறகு யாரும் வரவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். கையுறைக்குள் விரல் விறைத்தது. எண்ணிக்கையில் தவறிவிட்டோமோ, கடைசி ஆள் ஏற்கெனவே போய்விட்டாரோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. சாவியில் கை வைத்தேன். இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று நின்றபோது மூட்டத்துக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. ஒருவர் வண்டியில் செயின் கழன்று, கடைசி ஆள் உடனிருந்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் கிளம்பியிருந்தால் அவர்கள் இருவரும் அந்தப் பிரிவில் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார்களோ. நிற்கச் சொன்ன இடத்தை விட்டு நகராத ஒழுக்கம் எல்லோருக்கும் இருந்தால் மட்டுமே இந்த முறையை எடுங்கள். ஒருவர் நகர்ந்தாலும் அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் அனைவரும் தொலைந்தார்கள்.

இன்னொரு சிக்கல் புதியவர்களைப் பற்றியது. மலைக்குப் புதிதாக வருபவரை முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால், இரண்டாவது இடத்தில் ஓடவிடுவதுதான் நல்லது. முன்னவர் எங்கே வேகத்தைக் குறைக்கிறார், எந்தக் கியரில் நுழைகிறார், எப்போது சாய்கிறார் என்பதைப் பார்த்துப் பழகலாம். முன்னவரும் அவருடைய வேகத்தை அளந்து ஓட்டலாம். ஆனால் இந்த முறையில் இரண்டாவது ஆள்தான் முதல் பிரிவில் இறக்கிவிடப்படுகிறார். புதியவர் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் தனியாக நின்று, பிறகு வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்வார். நாம் விரும்பியதற்கு நேர்மாறானது. ஆகவே புதியவர்களுக்கு நிற்கும் முறையிலிருந்து விலக்குக் கொடுத்துவிட வேண்டும். அவருக்கு அடுத்து வருபவர் நிற்கட்டும்.

நான்காவது, குழுவையே மூன்றாக உடைத்துவிடுவது. பத்துப் பேரை நான்கு, மூன்று, மூன்று என்று பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் அனுப்புவது. முதலில் போட்ட கணக்கை மறுபடி போடுங்கள். நான்கு வண்டிக்கு மூன்று இடைவெளி, ஆறு விநாடி, 40 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 67 மீட்டர். இதைக் கண்பார்வைக்குள் வைத்துக்கொள்ள முடியும். ரப்பர் போல இழுபடுவதும் பெரிதாக இருக்காது. எதிரே பெரிய லாரி கொண்டை ஊசி வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது நான்கு வண்டிகள் முன்கூட்டியே நின்று வழிவிடுவது எளிது. பத்து வண்டி வரிசையில் முதல் மூன்று வளைவுக்குள் மாட்டிக்கொள்ளும், பின்னால் வருவது முட்டிக்கொண்டு நிற்கும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது பல நாடுகளின் மலைச்சாலை விதி. அந்த விதியை மதித்து நிற்கவும் சிறிய குழுவால்தான் முடிகிறது. பின்னால் வரும் காருக்கு முந்திப்போக இடம் கொடுப்பதும் அப்படியே.

சிறு குழுவுக்குள் பிரிவுச் சாலையைக் கையாள ஒரே விதி போதும்: பின்னால் வருபவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகே திரும்ப வேண்டும். அவர் வரவில்லை என்றால் நாம் நிற்போம். நாம் நின்றால் நமக்கு முன்னால் போகிறவர் அடுத்த பிரிவில் நிற்பார். ஒருவர் விழுந்த செய்தி பேச்சே இல்லாமல் முன்னால் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்கு விலையும் உண்டு. வழி தெரிந்த, நிதானமான மூன்று பேர் வேண்டும். பத்துப் பேரும் ஒன்றாக ஏறினோம் என்ற மகிழ்ச்சி குறைகிறது. ஒன்றாகப் போவதற்குத்தானே வந்தோம் என்று யாராவது வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஹெல்மெட்டுக்குள் இருக்கும்போது பத்தில் எட்டுப் பேரை எப்படியும் பார்க்க முடிவதில்லை. கூடுமிடத்தில் நிற்கும் அரை மணி நேரத்தில்தான் பேச்சும் சிரிப்பும். அது எந்த முறையிலும் குறையப்போவதில்லை.

ஹெல்மெட்டில் பொருத்தும் இன்டர்காம் இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சமவெளியில் நன்றாகக் கேட்கும் கருவி, நடுவே ஒரு மலைத்தோள் வந்ததும் அடங்கிவிடும். முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் இருந்தால் உதவி; அதை நம்பி முறையை விட்டுவிட முடியாது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். வழிநடத்தத் தெரிந்த மூன்று பேர் இருந்தால் தயங்காமல் குழுவைப் பிரித்துவிடுங்கள். ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள் என்றால் திருப்பத்தில் ஆள் நிறுத்தும் முறை. பிரிவே இல்லாத ஒற்றைச் சாலை, எல்லோரும் மலையில் பழகியவர்கள் என்றால் அவரவர் வேகம், கடைசியில் ஓர் ஆள். ஒரே வரிசையை மலை அடிவாரம் வரைக்கும், ஊர்களைக் கடக்கும்போதும் வைத்துக்கொள்ளலாம். அடிவாரத்தில் நிறுத்தி, இனி யாரும் யாரையும் துரத்த வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லி அதைக் கலைத்துவிட வேண்டும்.

நான்கில் எதுவானாலும், கிளம்பும் முன் கடைசி ஆளை எல்லோர் முன்னும் நிறுத்திக் காட்டுங்கள். அவர் போட்டிருக்கும் ஜாக்கெட்டின் நிறம், வண்டியின் முகப்பு விளக்கு எப்படி இருக்கும் என்பதெல்லாம் பனிமூட்டத்தில் நிற்கிற ஒருவருக்குத் தேவைப்படும். ஒரு பளிச்சென்ற மேலங்கி கிடைத்தால் அவருக்கே கொடுங்கள், முன்னால் போகிறவருக்கு வேண்டாம். மிகச் சிறிய டேங்க் யாருடையது என்று பார்த்து, பெட்ரோல் நிறுத்தங்களை அந்த வண்டிக்கு ஏற்றபடி வையுங்கள். உச்சியில் கூடும்போது புதியவரிடம் தனியாகப் போய், எந்த வளைவிலாவது பயமாக இருந்ததா என்று கேளுங்கள். இருந்தது என்று அவர் சொன்னால், இறக்கத்துக்கு அவரை நிதானமான குழுவுக்கு மாற்றி, கிளம்பும் நேரத்தை இன்னும் கால் மணி தள்ளிப் போடுங்கள்.